உருளை யார்டிலேயே நடுவில் முறிந்தது: சில் தடிமனா, ஆறவிட்ட விதமா?

குழிமேடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பார் உருட்டும் ஆலைக்கு இன்டெஃபினிட் சில் உருளை (கடினம் மேற்பரப்பிலிருந்து உள்ளே படிப்படியாக இறங்கும் ரகம்) வார்க்கிறோம். பேரல் (உருட்டும் உடல்பகுதி) விட்டம் 560 மி.மீ., நீளம் 1400, இரு முனைகளிலும் உள்ள கழுத்தின் விட்டம் 320. பேரலைச் சுற்றி, மேற்பரப்பை வேகமாகக் குளிர வைத்துக் கடினமாக்கும் வார்ப்பிரும்புச் சில் அச்சு, சுவர் 150 மி.மீ. மேல் கழுத்துக்கும் கீழ் கழுத்துக்கும் மணல். ஒரே உலோகம், ஒரே ஊற்று, அடியிலிருந்து சுழன்று ஏறுகிற மாதிரி வாய்க்கால். கார்பன் 3.3, சிலிக்கான் 0.8, நிக்கல் 1.8, குரோமியம் 0.8, மாலிப்டினம் 0.3 சதவீதம். 1320 டிகிரியில் ஊற்றினோம்.

வார்ப்பு பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேற்பரப்பில் விரிசல் இல்லை, ஊசித்துளை இல்லை. அச்சு நின்ற குழியிலிருந்து எடுத்து யார்டில் கிடத்தியிருந்தோம். அன்று இரவு இரண்டு மணிக்கு வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் பேரலின் நடுவில் கத்தியால் வெட்டியதுபோல இரண்டாகக் கிடக்கிறது. யாரும் தொடவில்லை, கிரேன்கூட அந்தப் பக்கம் இல்லை. முறிந்த துண்டில் கடினம் பார்த்தோம், ஷோர் அளவுகோலில் 68 முதல் 70. ஆர்டரில் கேட்டதும் அதுதான்.

மேலே இருப்பவர்கள் சொல்வது: சில் சுவரை 200 ஆக்கு, வெளியே காற்றாடி வைத்துச் சில்லைக் குளிர வை, "குளிர்ச்சி போதவில்லை". எனக்கு அது சரியாகப் படவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கார்பைடன் எழுதியது:

பாஸ்பரஸ் எவ்வளவு? அதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். பாஸ்பரஸ் கூடினால் ஸ்டெடைட் (பாஸ்பைடு சேர்ந்த, எளிதில் நொறுங்கும் கலவை) உருவாகும். அது 950 டிகிரி வரை திரவமாகவே நின்று, கடைசியாக உறைகிற நடுப்பகுதியில் போய்ச் சேர்ந்து வலைமாதிரி படியும். முறிவு முகத்தின் படமும் வேண்டும். விரிசல் எங்கிருந்து கிளம்பியது என்பது அதிலேயே எழுதியிருக்கும்.

ரைசருக்கு (உறையும்போது உலோகம் ஊட்டும் மேல்தொட்டிக்கு) என்ன செய்தீர்கள்?

பழைய வார்ப்பர் எழுதியது:

தம்பி, எனக்கு ஒரே ஒரு கேள்விதான். குழியை எப்போ பிரிச்சீங்க?

குழிமேடு எழுதியது:

@கார்பைடன் சார், பாஸ்பரஸ் 0.06. ரைசரில் வெப்பம் உமிழும் தூள் போட்டோம். படம் நாளை ஏற்றுகிறேன்.

@பழைய வார்ப்பர் ஐயா, மாலை ஆறு மணிக்கு ஊற்றினோம். மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்குப் பிரித்துவிட்டோம். இருப்பது ஒரே ஒரு சில் அச்சு. அடுத்த ஊற்றுக்கு அது வேண்டும் என்று அவசரம். வெளியே எடுத்தபோது இருட்டில் மங்கலான சிவப்பு தெரிந்தது. சீக்கிரம் கையாள வசதியாக இருக்கட்டும் என்று பெரிய காற்றாடி இரண்டைத் திருப்பி வைத்தோம்.

பழைய வார்ப்பர் எழுதியது:

பதறாத காரியம் சிதறாதுன்னு சொல்வாங்க. உங்க விஷயத்துல பழமொழி அப்படியே, எழுத்துக்கு எழுத்து, நடந்திருக்கு.

சிவப்பா இருக்கிற உருளையை வெளிய எடுத்துக் காத்தாடி வெச்சீங்களே, அங்கயே அது செத்துடுச்சு. சத்தம் மட்டும்தான் ராத்திரி வந்தது. எங்க காலத்துல தெர்மோகப்பிள், அதான் சூடு அளக்கிற கம்பி, அதெல்லாம் கிடையாது. இந்த அளவு உருளைன்னா நாலு நாள், பெருசுன்னா ஒரு வாரத்துக்கு மேல குழிக்குள்ளயே கிடக்கும். கையை வெச்சுப் பார்த்து, கை தாங்கினாத்தான் கொக்கி மாட்டுவோம்.

சாம்பல் இரும்பு எழுதியது:

ஐயா சொல்வது வழக்கம், காரணம் இல்லையே. எனக்கு உண்மையிலேயே புரியாத இடம் இது. சிவப்பாக இருக்கும்போது இரும்பு கொஞ்சம் நெகிழும், அப்போது உடையவில்லை. காற்றாடி வைத்தால் முதலில் சுருங்குவது மேற்பரப்பு, ஆக இழுவிசை மேற்பரப்பில்தான் வர வேண்டும். விரிசலும் வெளியிலிருந்துதான் கிளம்ப வேண்டும். முழுக்க ஆறிய பிறகு, ராத்திரி இரண்டு மணிக்கு, நடுவிலிருந்து எப்படி உடையும்? வேதியியல்தான் காரணமாக இருக்கும் என்பது என் கட்சி.

வெப்பக்கணக்கு எழுதியது:

நல்ல கேள்வி. இங்கேதான் பலருக்கும் இடறும். கொஞ்சம் பொறுமையாகப் போவோம்.

வார்ப்பிரும்பு ஏறத்தாழ 600 டிகிரிக்கு மேலே இருக்கும்வரை அதில் எழும் தகைவு தானாகத் தளர்ந்துவிடும். பொருள் மெல்ல நகர்ந்து இடம் கொடுக்கும். 400-க்குக் கீழே வந்துவிட்டால் அப்படித் தளராது, விறைத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே உருளை கடக்கிற நேரத்தில் நடுவுக்கும் மேற்பரப்புக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் இருந்ததோ, அதுதான் பிற்பாடு உள்தகைவாக உறைந்து நிற்கும்.

ஏன் என்றால், அந்தக் கணத்தில் நடு சூடு, வெளி குளிர்ச்சி, ஆனால் தகைவு தளர்ந்து ஏறக்குறைய பூஜ்யம். அதன்பின் எல்லாம் அறை வெப்பத்துக்கு வரும்போது நடு கூடுதலாகச் சுருங்கியாக வேண்டும். வெளிப்பகுதி ஏற்கெனவே விறைத்துவிட்டது, விடாது. ஆகவே நடு இழுபடும், வெளி அமுங்கும். இந்த இழுவிசை ஆற ஆறக் கூடிக்கொண்டே போகும், முழுதும் ஆறும்போதுதான் உச்சம் தொடும். அதனால்தான் சூட்டில் உடையாதது இரவு இரண்டு மணிக்கு உடைந்தது. நீங்கள் சொன்ன மேற்பரப்பு இழுவிசை உண்மைதான், ஆனால் அது முதல் கட்டம் மட்டும். பிறகு அடையாளமே தலைகீழாகிறது.

இப்போது எண். சீரான வேகத்தில் ஆறுகிற திண்ம உருளையில் நடுவுக்கும் மேற்பரப்புக்கும் உள்ள வித்தியாசம் = ஆறும் வேகம் × ஆரத்தின் வர்க்கம் ÷ (4 × வெப்பப் பரவல் எண்). அந்தச் சூட்டில் வார்ப்பிரும்பின் பரவல் எண்ணை நொடிக்கு 6 சதுர மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம் 280 மி.மீ. போட்டால் ஒரு வசதியான விடை வருகிறது: மணிக்கு எத்தனை டிகிரி இறங்குகிறதோ, அதில் பத்தில் ஒன்பது பங்கு வித்தியாசம். மணிக்கு 15 டிகிரி இறங்கினால் வித்தியாசம் 13–14. மணிக்கு 120 இறங்கினால் 110-ஐ ஒட்டி.

சிவப்பு மங்கலாகத் தெரிகிற உருளையை வெறும் காற்றில் கிடத்தினாலே கதிர்வீச்சும் காற்றோட்டமும் சேர்ந்து இந்த விட்டத்துக்கு மணிக்கு 120-ஐ ஒட்டித்தான் இறங்கும். காற்றாடி அதற்கு மேலே.

அடுத்து, வித்தியாசத்தை விசையாக்குவோம். மீள்மைக் குணகம் 150 கிகாபாஸ்கல், விரிவு எண் டிகிரிக்கு லட்சத்தில் 1.1 என்று எடுத்தால், ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் நடுவில் நீளவாக்கில் ஏறத்தாழ 1.1 மெகாபாஸ்கல் இழுவிசை. 110 டிகிரி என்றால் 120-க்கு மேல். கிராஃபைட் நிறைந்த நடுப்பகுதியின் இழுவலிமையே 150 முதல் 200தான். அதில் சின்னக் குறை ஒன்று இருந்தால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நடுவில் நீளவாக்கு இழுவிசை, சுற்றுவாக்கு இழுவிசையைப்போல இரு மடங்கு. அதனால்தான் உருளை நெடுக்கில் பிளக்காமல் குறுக்கே முறிந்தது. 'கத்தியால் வெட்டியதுபோல' என்று குழிமேடு எழுதியதைப் படித்ததுமே எனக்கு இதுதான் தோன்றியது.

சாம்பல் இரும்பு எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். தலைகீழாகும் என்பது எனக்கு இதுவரை பிடிபடாமல் இருந்தது. ஒரு துணைக்கேள்வி: ஆரத்தின் வர்க்கம் என்றால், விட்டம் ஒன்றரை மடங்கு ஆனால் வித்தியாசம் இரண்டேகால் மடங்கா?

வெப்பக்கணக்கு எழுதியது:

ஆமாம். 840 விட்டத்துக்கு அதே மணிக்கு 15 டிகிரியில் 30 டிகிரி வித்தியாசம் வந்துவிடும். சின்ன உருளைக்குச் சரிப்பட்ட ஆறவிடும் கால அட்டவணையைப் பெரிய உருளைக்கு ஒட்டவைத்து மாட்டிக்கொள்பவர்கள் இதை மறப்பதால்தான் மாட்டுகிறார்கள்.

உருட்டாலை நைட் ஷிப்ட் எழுதியது:

வார்ப்பவர்கள் பேசுகிற இடத்தில் உருட்டுகிறவன் குறுக்கிடுவதை மன்னிக்கவும். இதே முறிவை நாங்கள் ஸ்டாண்டில் (உருளைகளை மாட்டி உருட்டும் சட்டகத்தில்) பார்த்திருக்கிறோம். புது உருளை, குளிர்ந்து கிடந்தது, மாட்டி முதல் கால் மணி நேரத்துக்குள் நடுவில் இரண்டாகப் போனது. தண்ணீர் சரியாக அடிக்கவில்லை என்று எங்களைக் குற்றம் சொன்னார்கள், நாங்கள் வார்ப்பைச் சொன்னோம். கடைசிவரை முடிவு வரவில்லை. மேலே உள்ள விளக்கத்தைப் படித்தால் இரண்டும் சேர்ந்ததுபோல இருக்கிறதே?

வெப்பக்கணக்கு எழுதியது:

இரண்டும் சேர்ந்ததுதான். சிவந்த பார் பட்டதும் மேற்பரப்பு சூடாகி விரியப் பார்க்கும். நடு இன்னும் குளிர். விரிகிற வெளிப்பகுதி நடுவை நீளவாக்கில் மேலும் இழுக்கும். வார்ப்பிலிருந்தே நடுவில் 80 மெகாபாஸ்கல் தங்கியிருந்தால், இது அதன்மேல் ஏறும். உள்தகைவு குறைவாக உள்ள உருளை இதைத் தாங்கும். அதிகமாக உள்ளது தாங்காது. உருளையை முன்கூட்டியே மிதமாகச் சூடாக்கி மாட்டுவதும், முதல் சில பார்களை இடைவெளி விட்டு உருட்டுவதும் இதற்காகத்தான்.

குழிமேடு எழுதியது:

தலை சுற்றுகிறது, ஆனால் புரிகிறது. அப்படியானால் சில் சுவரை 200 ஆக்குவது வீண்தானா? மேலதிகாரி கேட்டால் என்ன சொல்ல?

கார்பைடன் எழுதியது:

சில் செய்கிற வேலை வேறு, குழி செய்கிற வேலை வேறு. இரண்டையும் 'குளிர்ச்சி' என்ற ஒரே சொல்லில் கட்டுவதால்தான் இந்தக் குழப்பம்.

சில் வேலை செய்வது முதல் சில நிமிடங்கள். சுத்தமான இரும்பு–கார்பன் கலவையில் கிராஃபைட்டாக உறையும் வெப்பம் 1153, கார்பைடாக உறையும் வெப்பம் 1147. நடுவே ஆறே டிகிரி. வேகமாகக் குளிர்ந்து உலோகம் 1147-க்குக் கீழே நழுவினால் கார்பைடு முந்திக்கொள்ளும், அது வெள்ளை இரும்பு. சிலிக்கானும் நிக்கலும் அந்த இடைவெளியை விரிக்கும், கிராஃபைட்டுக்கு வாய்ப்புக் கூடும். குரோமியம் நெருக்கும். உங்கள் ரகத்தில் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, மேற்பரப்பிலேயே கார்பைடோடு கொஞ்சம் நுண் கிராஃபைட்டும் வரும்படி வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் உங்கள் கடினம் உள்ளே போகப்போகப் படிப்படியாக இறங்குகிறது, தெளிவான சில் உருளைபோல (மேலே முழு வெள்ளை இரும்பு, உள்ளே சாம்பல் இரும்பு) சட்டென்று விழாது.

இப்போது சில் அச்சு. உலோகம் பட்டதும் தோல் உறைகிறது. தோல் சுருங்குகிறது, சில் சூடாகி விரிகிறது. நடுவே காற்று இடைவெளி திறக்கிறது. திறந்த பிறகு வெப்பம் தாண்டுவது பெரும்பாலும் கதிர்வீச்சில்தான், வேகம் தடாலென்று விழும். அதற்குப் பிறகு சில் சுவர் 150 ஆனால் என்ன, 200 ஆனால் என்ன? வெளியே காற்றாடி வைத்தால் அது குளிர்விப்பது சில்லின் முதுகை. அந்தச் செய்தி உருளையின் தோலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கார்பைடு–கிராஃபைட் கணக்கெல்லாம் முடிந்திருக்கும். பிறகு போய்ச் சேர்ந்து செய்வது ஒன்றே ஒன்றுதான்: வெப்பக்கணக்கு சொன்ன அந்த 600 முதல் 400 வரையான இறக்கத்தை வேகப்படுத்துவது. அதாவது, சரியாகக் கெடுக்க வேண்டிய இடத்தில் கெடுப்பது.

மேலதிகாரியிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஷோர் 70 வந்துவிட்டது, சில் தன் வேலையைச் செய்துவிட்டது.

சில் ஆழத்தைத் திருத்த வேண்டுமானால் சில்லின் உட்பூச்சின் கனம், சில்லின் முன்சூடு, ஊற்றும் வெப்பம், ஊற்றுமுன் போடும் ஃபெர்ரோசிலிக்கான், இந்த நான்கில் விளையாடுங்கள். ஊற்றுவதற்கு முன் ஆப்பு வடிவில் ஒரு சோதனைத் துண்டு வார்த்து, உடைத்து, வெள்ளை எத்தனை மி.மீ. என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

லேடில் நாலு எழுதியது:

இழைக்குள் இழை என்று திட்டாதீர்கள். பூச்சு என்றதும் நினைவு வந்தது. எங்கள் உருளையில் ஒரு பக்கம் ஷோர் 72, எதிர்ப்பக்கம் 65. சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் அப்படியே. என்ன பார்க்க வேண்டும்?

பழைய வார்ப்பர் எழுதியது:

பூச்சை பிரஷ்ல அடிக்கிறீங்களா, ஸ்ப்ரேயிலயா? பிரஷ்னா ஒரு பக்கம் வழிஞ்சு தடிச்சிருக்கும். கனமான பக்கம் சில் மெத்தையில படுத்த மாதிரி, கடினம் குறையும். அடுத்து, சில் நேரா நிக்குதான்னு மட்டம் வெச்சுப் பாருங்க. சாஞ்சு நின்னா ஒரு பக்கம் தோல் சீக்கிரம் விலகும், ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டே நிக்கும். வாய்க்கால் தொடுகோட்டில இல்லாம நேரா அடிச்சாலும் அந்தப் பக்கம் சில் சூடேறிப் போகும்.

இன்னொண்ணு, சில்லை 100 டிகிரிக்கு மேல சூடு பண்ணாம ஊத்தாதீங்க. ஈரம் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். பூச்சு காய்ஞ்ச மாதிரி தெரியும், ஆனா காயாது. அப்புறம் மேற்பரப்பு முழுக்க ஊசித்துளை.

லேடில் நாலு எழுதியது:

பிரஷ்தான். புரிந்தது. நன்றி ஐயா.

குழிமேடு எழுதியது:

படம் ஏற்றியிருக்கிறேன். கார்பைடன் சார் சொன்னது சரி. முறிவு முகத்தின் வரிகள் எல்லாம் நடுவை நோக்கித்தான் போகின்றன. நட்டநடுவில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பாகப் பஞ்சுபோல ஒரு திட்டு.

கார்பைடன் எழுதியது:

அது சுருக்கக் குழி, உறையும்போது உலோகம் போதாமல் விழும் ஓட்டை. ஆக, விசை ஒரு பக்கம், கிழிசல் தொடங்க இடம் ஒரு பக்கம். நான் முதலில் வேதியியல் என்று சொன்னது தப்பு, ஆனால் ரைசரைக் கேட்டது வீண்போகவில்லை.

கணக்குப் பாருங்கள். உறையும் நேரம் விட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும். 560-க்கும் 320-க்கும் ஒரே மணல் அச்சு என்றால் பேரல் உறைய எடுக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கில் கழுத்து உறைந்துவிடும். பேரலின் நடுவில் உலோகம் இன்னும் திரவம், மேலே கழுத்து மூடிக்கொண்டது, ரைசரில் எவ்வளவு இருந்தாலும் இறங்க வழியில்லை. பேரலுக்குச் சில் இருப்பதால் இந்த வித்தியாசம் கொஞ்சம் சரியாகிறது, முழுக்க அல்ல. மேல் கழுத்தின் மணலுக்குள் வெப்பங்காப்புச் சட்டை வையுங்கள். ஊற்றி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து ரைசரில் சூடான உலோகம் மறுபடி ஊற்றுங்கள். ஊற்றும் வெப்பத்தைக் கூட்டி இதைத் தீர்க்கலாம் என்று மட்டும் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தோல் மெல்லிதாக இருக்கும்போது இரண்டு மீட்டருக்கு மேல் நிற்கிற திரவ உலோகம் அடியில் 1.4 பார் அழுத்தம் கொடுக்கிறது, சூடு கூடினால் தோல் நெடுக்கில் பிளக்கும்.

சாம்பல் இரும்பு எழுதியது:

அவசரமாகச் சில் வேண்டும் என்பது இவர்களின் உண்மையான கஷ்டம். சிவப்பாக எடுத்து நேராக அடுப்பில் வைத்து மெல்ல ஆறவிட்டால் என்ன? அல்லது ஆறிய பிறகு அடுப்பில் வைத்து உள்தகைவு நீக்கினால்?

வெப்பக்கணக்கு எழுதியது:

முதலாவது நல்ல யோசனை, அடுப்பு ஏற்கெனவே 600-க்கு மேல் சூடாகக் காத்திருக்க வேண்டும், தூக்கி வைப்பது நிமிடக் கணக்கில் முடிய வேண்டும். உள்ளே எல்லாம் சமமாகும்வரை நிறுத்தி, பிறகு மணிக்கு 10–15 டிகிரி இறக்கினால் குழியில் கிடந்ததற்குச் சமம்.

இரண்டாவதில் ஒரு பொறி இருக்கிறது. ஆறிய உருளையின் நடு ஏற்கெனவே இழுவிசையில் இருக்கிறது. அடுப்பில் வேகமாக ஏற்றினால், நைட் ஷிப்ட் அண்ணன் ஸ்டாண்டில் பார்த்த அதே கதைதான் அடுப்புக்குள் நடக்கும். ஏற்றும்போதும் அதே மணிக்கு 15-ஐத் தாண்டக் கூடாது, குறிப்பாக முதல் 300 டிகிரி வரை.

நிக்கல் 4 சதவீதத்தைத் தொடுகிற இரட்டை ஊற்று (வெளி ஓட்டுக்கு ஒரு உலோகம், நடுவுக்கு வேறு உலோகம்) உருளைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே ஓட்டில் ஆஸ்டினைட் என்ற நுண்ணமைப்பு தங்கிவிடும், குளிர்ந்தபின் அது மார்டென்சைட் என்ற வேறொன்றாக மாறி ஓட்டைப் பருக்க வைக்கும், அது தனியாக நடுவை இழுக்கும். அவற்றை 400–450 டிகிரியில் இரண்டு முறை பதப்படுத்துவது அதனால்தான். குழிமேடு வார்க்கும் ரகத்துக்கும் ஒரு சிறு எச்சரிக்கை: மெல்ல ஆறினால் பெரும்பாலும் பெர்லைட் என்ற நுண்ணமைப்பு வரும். காற்றாடி வைத்தால் வெளியே பெய்னைட் என்ற வேறு நுண்ணமைப்பு, உள்ளே பெர்லைட் என்று இரண்டும் வெவ்வேறு வெப்பத்தில், வெவ்வேறு நேரத்தில் பருக்கும். உங்கள் துண்டை மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இது தெரியக்கூடும்.

பழைய வார்ப்பர் எழுதியது:

ஒண்ணு விட்டுட்டீங்க. ஆற விடறதுன்னா சும்மா குழிக்குள்ள விடறது இல்ல. சில்லோட முதுகு திறந்த காத்துல நின்னா குழிக்குள்ளயும் வேகமாத்தான் ஆறும். குழி வாயை மூடணும், சில்லைச் சுத்திக் காய்ஞ்ச மணலை நிரப்பணும். ஆனா ஊத்தி முடிச்சதும் மேல் கழுத்துப் பெட்டியோட இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி விடணும். பேரல் நீளவாக்குல சுருங்கும்போது தோள்பட்டை சில்லு விளிம்புல தொங்கினா, கழுத்தும் பேரலும் சேர்ற இடத்துல சுத்தி வெடிப்பு வந்துடும். அந்த மூலையில சில் விளிம்பைச் சரிவா வெட்டி, மணல் வளைவு குடுங்க.

குழிமேடு எழுதியது:

நன்றி எல்லாருக்கும். ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன்.

அடுத்த உருளையை அதே கலவையில், அதே 150 சில்லில் ஊற்றினோம். மேல் கழுத்துக்குக் காப்புச் சட்டை, ரைசரில் மறு ஊற்று, தோள் மூலையில் மணல் வளைவு, சில்லைச் சுற்றி மணல், குழி வாய்க்குத் தகடும் மணலும். பேரலின் நடு உயரத்தில் சில்லின் முதுகில் ஒன்று, கீழ் கழுத்தின் மணலுக்குள் ஒன்று என்று இரண்டு தெர்மோகப்பிள் வைத்தோம். 650-லிருந்து 400 வரை மணிக்கு 14 முதல் 17 டிகிரிக்குள் இறங்கியது. கீழே வர வர வேகம் தானாகவே குறைந்துவிட்டது. நான்காம் நாள் காலை 95. இன்று மாலை 70.

ஒன்று கவனித்தேன். பேரலைவிட மெலிந்த கழுத்து எப்போதும் பேரலைவிடச் சூடாகவே இருந்தது, ஒரு கட்டத்தில் 60 டிகிரி கூடுதல். மணலுக்குள் இருப்பதால்தானே?

வெப்பக்கணக்கு எழுதியது:

அதனால்தான். அடுத்த முறை குழியை மூடியதும் சில்லைச் சுற்றிய மணலைக் கழுத்து மட்டம் வரை கனமாக்குங்கள், பேரலின் வேகம் கழுத்தின் வேகத்துக்கு நெருங்கும். எடுத்ததும் அல்ட்ராசோனிக்கில் நடுவைப் பாருங்கள். பஞ்சுத் திட்டு போய்விட்டதா என்பது எனக்கும் தெரிய வேண்டும்.

குழிமேடு எழுதியது:

நாளை காலை பார்க்கிறேன். இன்றும் மேலதிகாரி குழிப்பக்கம் வந்து "70தானே, எடுத்துடலாமே" என்றார். எடுக்கலாம்தான். ஆனாலும் பழைய வார்ப்பர் ஐயாவின் முறைப்படி ஒரு தடவை கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன் என்று சொல்லி, கிரேனைப் பட்டறையின் அடுத்த பகுதிக்கு அனுப்பிவிட்டேன்.